காலையில் மட்டும் உதறும் இன்ஜின்: சூடான பிறகு தேடினால் கிடைக்காது

கோலாலம்பூரில் விடியற்காலை 25 பாகைதான். இந்த ஊரில் இன்ஜினுக்குக் குளிராவது ஒன்றாவது என்று தோன்றும். ஆனால் இன்ஜின் வேலை செய்யும் வெப்பம் ஏறக்குறைய 90 பாகை. இரவெல்லாம் நின்ற வண்டி அதைவிட வெகு கீழே இருக்கிறது. அந்த நேரத்தில் இன்ஜினை ஆளும் கணினி பெட்ரோலைக் கூட்டி, ஐட்லிங்கை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுழலும் வேகம்) 1,200, 1,500 ஆர்பிஎம் வரை ஏற்றும். எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சூடாகும் வரை கணினிக்கு அதன் தகவல் கிடையாது, மனக்கணக்கில்தான் ஓட்டுகிறது. சென்சார் விழித்ததும் சிறு கோளாறுகளைக் கணினியே ஈடுகட்டிவிடும். உதறல் இரண்டு நிமிடத்தில் நின்றால் கோளாறு தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, மூடி மறைக்கப்பட்டது என்றுதான் அர்த்தம்.

ஆகவே முதல் தவறு, வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவது. கெப்போங்கிலிருந்து செகாம்புட் போய்ச் சேர்வதற்குள் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்திருக்கும். போர்மன் (பட்டறை மெக்கானிக்) பானட்டைத் திறந்து பார்த்து, "ஓகே லா, ஒன்னும் இல்லையே" என்பார். அவர் மேல் குற்றமில்லை. முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் காலை அவரையே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதல் மூன்று நிமிடம் ஆர்பிஎம் முள்ளைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். முள் அசையாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைச் சந்தேகியுங்கள். ஏர்கோனை அணைத்தும் போட்டும் பாருங்கள். இரண்டிலும் முள் ஆடினால் எரிதலைச் சந்தேகியுங்கள். 1,300 ஆர்பிஎம் அதிகம் என்று இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டல் பாடியின் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகச் சொல்பவர்களும் உண்டு. அந்த வேகம் கோளாறே இல்லை, ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது, எதையும் அளக்காமல் நாலு பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் நாலு காயில் என்று மாற்றுவது. 50 ரிங்கிட்டுக்குள் கணினியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கிடைக்கிறது (பழைய சில மாடல்கள் அதற்குப் பதில் சொல்லாது). செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் குறியீட்டை உடனே அழிக்காதீர்கள். அதோடு பதிவாகும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் கோளாறு வந்தபோது இன்ஜின் எத்தனை பாகையில் இருந்தது என்பது இருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. அதன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுங்கள். குறியீடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் அப்படியே இடம் மாற்றிப் பாருங்கள். இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் உதறல் தொடங்கியிருந்தால், பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பலர் பார்க்காமல் விடுவது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) டெம்பரேச்சர் சென்சார். காலையில் சாவியை ஆனில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 70 என்று காட்டினால் கணினி இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும், அதனால் உதறும். மைனஸ் 40 என்றால் இணைப்பே அறுந்திருக்கிறது. பெரும்பாலான சென்சார்களில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் சுமார் 300 ஓம் காட்டும். சென்சாரை வாங்கும் முன் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். பினாங்கின் தஞ்சோங் பூங்கா போலக் கடற்காற்று படும் இடங்களில் பின்களில் பச்சை பூத்திருக்கும்.

இன்ஜினுக்குள் வெளிக்காற்று புகும் கசிவைத் தேடக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடிப்பது பழைய வித்தை. சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும். சூடானதும் ரப்பரும் கேஸ்கெட்டும் விரிந்து கசிவை அடைத்துவிடவும் கூடும், அப்போது ஒன்றும் தெரியாது. குழாய்களுக்குள் புகையை விட்டுக் கசிவைக் காட்டும் கருவி உள்ள பட்டறையில் குளிர்ந்த இன்ஜினில் சோதிப்பதே நல்லது. கசிவு இருந்தால் ஃபியூவல் டிரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஸ்கேனரில் தெரியும்) ஐட்லிங்கில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கும். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் எலி கடித்த வேக்குவம் குழாய்க்கும் இதே அடையாளம்தான்.

திராட்டல் பாடியைக் கழுவுவது பலன் தரும், செய்யும் விதத்தில்தான் கெடுகிறது. சாவி ஆனில் இருக்கும்போது எலக்ட்ரானிக் தகட்டை விரலால் தள்ளினால் கியர் உடையலாம். கழுவிய பின் கணினிக்கு ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொடுக்காவிட்டால் முன்பைவிட மோசமாக உதறலாம். முறை மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலைப் பாருங்கள்.

ஆக்டேன் கூடிய ரோன்97 பெட்ரோலுக்கு மாறுவது வெறும் செலவு. ஆக்டேன் இந்த உதறலைத் தொடாது. புரோட்டோன் எக்ஸ்70 போன்ற, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்டேக் வால்வில் படியும் கரியைப் பெட்ரோலில் கலக்கும் மருந்தும் தொடாது, பெட்ரோல் அந்த வால்வு மேல் படுவதே இல்லை. இரவில் எரிபொருள் அழுத்தம் இறங்குகிறதா என்பதற்கு மட்டும் காசில்லாத சோதனை உண்டு: சாவியை ஆனில் வைத்து மூன்று வினாடி பம்ப் ஓடவிட்டு அணையுங்கள், மூன்று முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் குறைந்தால், பெட்ரோல் பின்னால் இறங்காமல் தடுக்கும் பம்பின் செக் வால்விலிருந்து தேடத் தொடங்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, குறைகிற கூலன்டைத் தினமும் ஊற்றி ஊற்றி ஓட்டுவது. காலையில் ஒரு சிலிண்டர் மட்டும் அரை நிமிடம் தடுமாறி, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியே சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறது. ரேடியேட்டர் மூடியில் குறித்த அழுத்தத்தை, பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார், மாலையில் ஏற்றி இரவெல்லாம் விடச் சொல்லுங்கள். காலையில் பிளக்கைக் கழற்றிக் கேமரா விட்டுப் பார்த்தால் பிஸ்டன் மேல் ஈரம் தெரியும். தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் நிறைந்த சிலிண்டரை ஸ்டார்ட்டர் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையக்கூடும், கேஸ்கெட் செலவு இன்ஜின் செலவாகிவிடும்.