வாஷிங்டன் என்று பெயர் இருந்தால் ஒரே வம்சமா?

ஆங்கிலக் குடும்பப் பெயரை வைத்துப் பூர்வீகம் தேடுகிறவர்கள் முதலில் சறுக்குவது, ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தம் என்று முடிவு கட்டுவதில்தான். வாஷிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் சண்டர்லாண்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் அங்கே நிலம் பெற்ற வில்லியம் என்பவர், ஹார்ட்பர்ன் என்ற தன் பழைய ஊர்ப்பெயரை விட்டுவிட்டுப் புது ஊரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் இவர். சரி, ஆனால் தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் இருக்கிறதே! எந்த ஊர் என்பதை ஆவணம்தான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லாது. அந்த ஆவணங்களிலும் ‘வெசிங்டன்’ போன்ற எழுத்துகள் வரும். இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால் பாதி தப்பிப் போகும்.

‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கடையில் விற்கும் கோப்பையை நம்பாதீர்கள். இங்கிலாந்து மரபில் சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயருக்கு அல்ல.

பெரிய குழப்பம் அமெரிக்காவில்தான். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற பெயருடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர். உடனே ‘அதிபரின் வழித்தோன்றல்கள்’ என்பார்கள். அவருக்குச் சொந்தப் பிள்ளைகளே கிடையாது. ‘அப்படியானால் அவருடைய அடிமைகளின் வாரிசுகள்’ என்று அடுத்த தாவல். அதுவும் அவசரம். உரிமையாளரின் பெயரைக் கொண்டவர்கள் உண்டு என்றாலும், விடுதலைக்குப் பிறகு தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் பலர். அடிமையாகப் பிறந்து, பின்னாளில் கல்வியாளராகப் புகழ்பெற்ற புக்கர் டி. வாஷிங்டன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து, ஆசிரியர் கேட்டதும் ‘புக்கர் வாஷிங்டன்’ என்று சொல்லிவிட்டார். அவருடைய மாற்றாந்தகப்பனின் முதற்பெயர் வாஷிங்டன். முழுப்பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன்.

இந்த அனுமானம் தேடலையே திசைதிருப்பிவிடும். முன்னாள் அடிமைகள் எல்லாரையும் பெயரோடு பதிந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870இல்தான் நடந்தது. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டுமே இருக்கும். உரிமையாளரும் வாஷிங்டன்தான் என்று நினைத்து அங்கே போனால், யாரோ ஒருவருடைய பட்டியலில் வயதைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே போவதற்கு முன், 1870இல் அந்தக் குடும்பம் எந்த ஊரில் இருந்தது, அக்கம்பக்கத்தில் யார் யார் நிலம் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். அவர்களின் உயில்களையும் சொத்துப் பத்திரங்களையும் புரட்டுங்கள். அடிமைகளின் முதற்பெயர்கள் பல நேரம் அங்கேதான் கிடைக்கும்.