கொம்பியூட்டர் ஒன் ஆகல்லயா, கடைக்குத் தூக்கிட்டு ஓட முதல் இதப் பாருங்க

வீட்டுக் கொம்பியூட்டர் படுத்துட்டெண்டா நம்மட ஆக்கள் ரெண்டு வேலதான் செய்யிற, ஒண்டு பவர் பட்டனத் திரும்பத் திரும்ப அமத்திப் பாக்கிற, மத்தது மோட்டச்சைக்கிள்ல வெச்சிக் கட்டிக்கொண்டு டவுனுக்கு ஓடுற. கடையில திறந்து பாத்துட்டு "தம்பி, போர்ட் அடிச்சிட்டு" எண்டுவாங்க, உள்ள எல்லாத்தையும் இணைக்கிற பெரிய பலகை, மதர்போட்டத்தான் சொல்ற. சில நேரம் உண்மையாவும் இரிக்கும். ஆனா இலங்கையிட கிழக்குக் கரையில கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு கடலுக்குப் பக்கத்து ஊர்கள்ல நான் பாத்த பழுதுகள் கனக்க கரண்டாலயும் உப்புக்காத்தாலயும் வந்ததுதான், போர்ட் உண்மையாவே செத்தது குறைவு. அதால சுவர்ல இரிக்கிற பிளக்ல தொடங்கி உள்ளுக்கு உள்ளுக்கு ஒவ்வொண்டாப் பாத்துட்டுப் போங்க, ஒரு நேரத்தில ஒண்டத்தான் மாத்துங்க, நாலையும் ஒண்டா மாத்தினா எது பிழையெண்டு கண்டுபிடிக்க ஏலாது.

ஒரேயொரு விதிவிலக்கு. ஹாட் டிஸ்க்ல இருந்து டிக் டிக் எண்டு சத்தம் வருகுதெண்டா ஒண்டும் நோண்டாம உடன ஓப் பண்ணிப் போடுங்க, ஒவ்வொரு தரம் ஒன் பண்ணக்குள்ளயும் உள்ள தட்டில எழுதிப் படிக்கிற ஹெட் அந்தத் தட்டக் கீறக்கூடும். அந்தக் கதை கீழ வருகுது.

சரி, லைட்டும் இல்ல, பேனும் சுத்தல்ல, சத்தமே இல்ல எண்டா முதல்ல பிளக்கப் பாருங்க. அதே பிளக் பொயின்ட்ல போன் சார்ஜரக் குத்தி சார்ஜ் ஏறுதா? பழைய வீடுகள்ல உருண்டைப் பின் பொயின்ட்ல சதுரப் பின் வயரக் குத்த ஒரு அடப்டர் போட்டிருப்பாங்க, அது லூசாகிக் கறுத்துப் போயிருக்கும், கழட்டி மணந்து பாத்தாலே தெரியும். யூபிஎஸ், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குற பட்டறிப் பெட்டி, இரிக்கெண்டா அதையும் விட்டுட்டு வயர நேரா சுவர்ல குத்திப் பாருங்க. யூபிஎஸ்க்குள்ள இரிக்கிற 12 வோல்ட் லெட் அசிட் பட்டறி ரெண்டு மூணு வருசத்தில களைச்சிடும், அதுவும் 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில அடியோட வடிஞ்சு வடிஞ்சு ஏறின பட்டறிகள் சீக்கிரமே போய்ட்டு. மறுகா கொம்பியூட்டருக்குப் பின்னால பவர் சப்ளையில, கரண்ட் வயர் குத்துற பெட்டியில, ஒரு சின்ன சுவிட்ச் இரிக்கி, வீடு கூட்டக்குள்ள கை பட்டு அது ஓப் ஆகியிருக்கும், சிரிக்காதீங்க, இது சரியா நடக்கிற விசயம்.

கேஸத் தொட்டா சுருக்கெண்டு கரண்ட் அடிக்குதா? அது கொம்பியூட்டர்ட பிழையில்ல, ஏர்த் இல்ல எண்டு அர்த்தம். பவர் சப்ளைக்குள்ள இரைச்சல வடிகட்டுற ரெண்டு கெப்பாசிட்டர் லைனுக்கும் கேஸுக்கும், நியூட்ரலுக்கும் கேஸுக்கும் நடுவில இரிக்கி, ஏர்த் வயர் ஓடல்லயெண்டா கேஸ் 230ல பாதியளவு வோல்ட்ல மிதக்கும். கரண்ட் கொஞ்சம்தான், ஆனா அந்த நிலையில யூஎஸ்பி, எச்டிஎம்ஐ வயர் குத்திக் கழட்டினா அந்த வயர் குத்துற இடங்கள் பழுதாப் போகும். ரெண்டு பின் அடப்டரத் தூக்கி எறிஞ்சிட்டு வயரிங் செய்யிற ஆளக் கூப்பிட்டு ஏர்த்தயும் ட்ரிப் சுவிட்சயும் பாக்கச் சொல்லுங்க. கொம்பியூட்டருக்கு மட்டுமில்ல, வீட்டில பிள்ளைகள் இரிக்காங்க.

சுவர் சரியெண்டா அடுத்தது பவர் சப்ளை. வயரக் கழட்டி, பவர் பட்டனப் பத்து செக்கன் அமத்தி மிச்சக் கரண்ட வடிய விட்டுட்டுத்தான் மூடியத் திறக்கிற. மதர்போட்டுக்குப் போற 24 பின் கொனெக்டரக் கழட்டுங்க, அதில பச்சை வயர் ஒண்டுதான் இரிக்கும், அதையும் பக்கத்து கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சிட்டு பிறகு கரண்ட் குடுத்தா பவர் சப்ளைட பேன் சுத்தோணும். மல்டிமீட்டர் இரிக்கெண்டா மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில 11.4க்கும் 12.6க்கும் இடையில காட்டோணும், சிவப்பில 4.75க்கும் 5.25க்கும் இடையில. சுத்தல்ல எண்டா செத்துட்டு. சுத்தினா உடன நல்லம் எண்டு முடிவெடுக்காதீங்க, லோட் ஏறக்குள்ள, கொம்பியூட்டர் கூடக் கரண்ட் இழுக்கக்குள்ள, விழுற சப்ளையும் இரிக்கி, நண்பன்ட்ட ஒண்ட இரவல் வாங்கிப் போட்டுப் பாக்கிறதுதான் திறம். பழைய ஒபிஸ் மெஷின் வாங்கினவங்க கவனம், டெல் ஒப்டிபிளெக்ஸ் கனக்கதுல 24 பின் இல்ல, வேற மாதிரி பின், சாதா சப்ளை பொருந்தாது, அதில சிலதுக்குப் பின்பக்கம் சப்ளையிலேயே ஒரு டெஸ்ட் பட்டனும் லைட்டும் இரிக்கும், அத அமத்திப் பாத்தாக் காணும். பவர் சப்ளைப் பெட்டிய மட்டும் திறக்காதீங்க, பிளக் கழட்டின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் அளவு நிக்கும்.

பேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்டுமில்ல எண்டா நம்மட பக்கத்தில முதல் ஆள் ராம்தான், மதர்போட்ல நீட்டாக் குத்தியிரிக்கிற மெமரிப் பட்டி. மதர்போட்ட உத்துப் பாத்தா ஓரமெல்லாம் பச்சையாவும் வெள்ளையாவும் பூத்திருக்கும், அது உப்பும் ஈரமும் செய்யிற வேல. ரெண்டு பக்கக் கொக்கியையும் விலத்தி ராமக் கழட்டி, தங்க நிறப் பல்லுகள வெள்ளை அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சு, தூளத் துடைச்சிட்டு, கொக்கி டக்கெண்டு விழுற வரைக்கும் அமத்திப் போடுங்க. ரெண்டு ராம் இரிக்கெண்டா ஒண்டொண்டா, ஸ்லொட் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. தொட முதல் கேஸ்ட இரும்பத் தொட்டுக்கங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும், பெயின்ட் பிரஷ் போதும். எச்டிஎம்ஐ வயர் கிராபிக்ஸ் கார்ட்லயா மதர்போட்லயா குத்தியிரிக்கி எண்டும் பாருங்க, கார்ட் இரிக்கெண்டா கார்ட்லதான் குத்தோணும். திகதி, நேரம் ஒவ்வொரு நாளும் பழசாப் போகுதெண்டா மதர்போட்ல இரிக்கிற சீஆர் 2032 எண்ட சின்ன பட்டறிய மாத்துங்க, மலிவு.

மாரியில பொலித்தீன் உறை போட்டு மூடி வெக்கிறவங்க இரிக்காங்க, நான் அதுக்கு எதிர். ஈரம் உள்ளுக்கே தங்கிடும். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரமாவது ஒன் பண்ணி விட்டா அந்தச் சூட்டிலேயே காஞ்சிரும். ஒக்டோபர், நவம்பர்ல இடி முழங்குதெண்டா சுவிட்ச ஓப் பண்ணினாக் காணாது, பிளக்கயே கழட்டோணும், ரவுட்டர்ல இருந்து வாற நெட் வயரையும் சேத்து. ரவுட்டருக்கு வெளியால இருந்து நெட் கொண்டாற பைபர் கண்ணாடிதான், அதால இடி வராது, ஆனா ரவுட்டர்ட அடப்டர் கரண்ட்லதானே நிக்கிது.

வேல செய்யக்குள்ள தானா ரீஸ்டார்ட் ஆகுதெண்டா சூட்டப் பாருங்க, புரொசசர்ட சூட்டத் தணிக்கிற ஹீட் சின்க்ல தூசு அடைச்சிருக்கும், பழைய மெஷினெண்டா அதுக்கு அடியில பூசின தேர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்கும். வின்டோஸ் நடந்ததப் பதியிற ஈவென்ட் வியூவர்ல கேர்னல் பவர் 41 எண்டு கிடந்தா பயப்படாதீங்க, ஒழுங்கா ஓப் ஆகல்ல எண்டுதான் அது சொல்லுது, காரணம் சொல்லாது. ப்ளூ ஸ்கிரீன் வந்தா ராமச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவ்ல போட்டு இரவு முழுக்க ஓட விடுங்க, ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் சரிவராது.

இனி டிஸ்க். சத்தம் இல்ல, ஆனா சரியான ஸ்லோ எண்டா டிஸ்க்ட நிலையக் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்போ எண்ட சொப்ட்வெயார் போட்டு 05, சீ5, சீ6 எண்ட நம்பர் வரிகள்ட ரோ வெல்யூவப் பாருங்க, பழுதான இடங்களத்தான் அது எண்ணுது, பூச்சியத்துக்கு மேல ஏறிக்கொண்டே போகுதெண்டா டிஸ்க் போய்க்கொண்டிரிக்கி. சீ7 மட்டும் ஏறினா டிஸ்க்க மதர்போட்டோட இணைக்கிற சாட்டா வயர மாத்திப் பாருங்க. போற டிஸ்க்ல, டிஸ்க் பிழை திருத்துற செக்டிஸ்க் ஓட விடவும் கூடாது, வின்டோஸ் அடிக்கவும் கூடாது. வின்டோஸுக்குப் பதிலா உபுண்டு போட்ட பென் டிரைவ்ல பூட் பண்ணி கலியாணப் போட்டோ, பிள்ளைகள்ட பாடம், வீட்டு டொகியுமென்ட், இத முதல் வேற டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்க, பாட்டும் படமும் பிறகு. டிக் டிக் சத்தம் போடுறதுக்கு இதுவும் வேணாம், உள்ள இரிக்கிறது முக்கியமெண்டா டேட்டா ரிக்கவரி செய்யிற ஆளிட்டயே குடுங்க.

புதுசா வின்டோஸ் அடிக்கப் போறீங்களெண்டா வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சாதாரண சப்போட் முடிஞ்சிட்டு. வின்டோஸ் 11க்கு, புரொசசர் இன்டெல் எண்டா பொதுவா 8ஆம் ஜெனரேஷனோ அதுக்குப் பிறகு வந்ததோ வேணும்.

இவ்வளவும் பாத்தும் சரிவரல்ல எண்டா கடைக்குக் கொண்டுபோங்க, ஆனா டிஸ்க்கக் கழட்டி வீட்டில வெச்சிட்டு. எதெதப் பாத்தீங்க எண்டு ஒரு துண்டில எழுதிக் குடுங்க, மாத்தின பழைய சாமானத் திருப்பித் தரச் சொல்லி முதலே கேட்டு வைங்க.