மலிவு விலை பம்ப் ஷாட்கன்: வாங்கும்போது செய்யக்கூடாதவை

போன சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு தம்பி புது பம்ப் ஷாட்கனோடு (முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) வந்திருந்தான். 12 கேஜ் (பேரல் குழாயின் அளவு), இறக்குமதி. "அண்ணா, இது ரெமிங்டன் 870-இன் அச்சு அசல் காப்பி. அதோட பேரல், பாகம் எல்லாம் இதுக்கும் சேரும்" என்றான். 870 என்பது ரெமிங்டன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பம்ப் ஷாட்கன். பல வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தைகள். டெக்சஸுக்குப் புதிதாக வந்து வேட்டையில் இறங்கும் நம் ஆட்களிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

காப்பிதானே, பேரல் சேரும் என்று நம்புவது

நான் வாங்கியதும் அப்படி ஒரு இறக்குமதிதான். உள்நாட்டுத் துப்பாக்கியைவிட 120 டாலர் குறைவு. கூடவே வந்தது 18½ அங்குலப் பேரல். செப்டம்பரில் புறா சீசன் வந்தபோது 28 அங்குலம் தேவைப்பட்டது. பழைய 870 பேரல் ஒன்றை 140 டாலருக்கு வாங்கி வந்தேன். பேரலுக்குக் கீழே தோட்டாக்கள் நிற்கும் மேகசின் குழாயின் மூடியைக் கழற்றிப் பேரலை மாட்டினேன். பேரலின் வளையம் அந்தக் குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. அழுத்தினேன், திருப்பினேன், எண்ணெய் போட்டேன். அசையவில்லை. மூடியின் மரை குழாயை எட்டவே இல்லை.

870 சந்தைக்கு வந்தது 1950-இல். அதன் அமைப்பை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம், பலர் பின்பற்றுகிறார்கள். ஆனால் அமைப்பு ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. உள் பாகங்களில் சில சேரக்கூடும். பேரல் கதை வேறு.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். இரண்டு வருடம் கழித்து, சுட்ட தோட்டாவின் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உடைந்தது. காலிக் கூடு வெளியே வராமல், பேரலில் தோட்டா உட்காரும் சேம்பரிலேயே உட்கார்ந்துகொண்டது. இறக்குமதி செய்தவர்கள் அந்த மாடலையே நிறுத்திவிட்டிருந்தார்கள், உதிரி பாகம் இல்லை. கையால் செய்து தர மெக்கானிக் கேட்ட கூலி துப்பாக்கியின் விலையைத் தாண்டியது. அந்த 120 டாலரை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இப்போது 870-ஐப் பாருங்கள். 2009-இலேயே தயாரிப்பு எண்ணிக்கை ஒரு கோடியை எட்டிய துப்பாக்கி அது. 2020-இல் கம்பெனி திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அப்போதும் 870 வைத்திருந்தவர்கள் பாகம் கிடைக்காமல் தவிக்கவில்லை. உள்நாடா இறக்குமதியா என்று கேட்பதைவிட, பத்து வருடம் கழித்து ஒரு எக்ஸ்ட்ராக்டர் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பெயரை வைத்து நாட்டை முடிவு செய்வது

ஸ்டீவன்ஸ் பழைய அமெரிக்கப் பெயர். ஸ்டீவன்ஸ் 320 தயாராவது சீனாவில். வெளிநாட்டுத் துப்பாக்கி என்றால் செய்த நாடும், இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பேரலிலோ, துப்பாக்கியின் நடு உடலான ரிசீவரிலோ பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடையிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

மேவரிக் 88-ஐ மாஸ்பெர்க் 500 என்றே நினைப்பது

குறைந்த விலையில் உள்நாட்டுத் துப்பாக்கி வேண்டுமென்றால் என் முதல் சிபாரிசு, மாஸ்பெர்க் கம்பெனியின் மலிவு மாடலான மேவரிக் 88தான். 500 அதே கம்பெனியின் விலை கூடிய பம்ப் ஷாட்கன். மேகசின் குழாயின் நீளம் ஒன்றாக இருந்தால் 500-இன் பேரல் அப்படியே சேரும். ஆனால் 500-இல் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) ரிசீவரின் மேலே பின்பக்கம் இருக்கிறது. 88-இல் அது டிரிகர் அமைப்போடு சேர்ந்தது. 500-இன் டிரிகர் அமைப்பை 88-இல் மாட்டினால் சேஃப்டியே இல்லாத துப்பாக்கி கையில் இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சோக் மரையைக் கேட்காமல் வாங்குவது

சோக் என்பது குண்டுகள் எவ்வளவு பரவும் என்பதைக் கட்டுப்படுத்த, பேரலின் முனையில் மரையால் மாட்டும் சிறு குழாய். எந்த வகை மரை என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். வாத்து வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. ஸ்டீல் குண்டு போடப் பேரலும் சோக்கும் தாங்குமா என்பதையும் கேளுங்கள்.

3½ அங்குல சேம்பர்

வேண்டாம். 3 அங்குலத் தோட்டா ஏறும் சேம்பர் போதும்.

பிளக்கைத் தூக்கிப் போடுவது

பிளக் என்பது மேகசின் குழாயில் அதிகத் தோட்டா ஏறாமல் தடுக்கும் கட்டை. புறாவுக்கும் வாத்துக்கும் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாதான் இருக்கலாம். பிளக்கைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த 140 டாலர் பேரல் இன்னும் என்னிடம் இருக்கிறது, பின்னால் வாங்கிய பழைய 870-இல். சனிக்கிழமை தம்பியின் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருவரும் பார்த்துவிட்டு, அந்தப் பேரலை அவனிடம் கொடுத்து மாட்டச் சொன்னேன். அதே இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் தன் பேரலைத் திருப்பி, இறக்குமதியாளர் பெயரையும் ஊரையும் போனில் படம் எடுத்துக்கொண்டான்.