பழைய நாணயம் தேடுகிறீர்களா? புளியைத் தொடாதீர்கள்

மெட்டல் டிடெக்டர் வாங்கியதும் பனகல் பூங்காவுக்கோ நடேசன் பூங்காவுக்கோ கிளம்பிவிடாதீர்கள். மாநகராட்சிப் பூங்காவில் தோண்ட எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். பழக, தெரிந்தவர் வீட்டுக் கொல்லையே போதும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது சிக்னல் தெளிவாக வரும். கடற்கரை ஈரமணலில் உப்பு இருப்பதால் சாதாரணக் கருவி வீணாகக் கத்தும். காய்ந்த மணலில் தேடுங்கள்.

ஆணிக்குத் தாழ்ந்த ஒலி, செம்புக்கும் வெள்ளிக்கும் உயர்ந்த ஒலி. முதலில் ஒரு காலணாவைப் புதைத்து அந்த ஒலியைக் காதுக்குப் பழக்குங்கள்.

இனிதான் முக்கியம். கிடைத்த காசைப் புளி, சாம்பல், பீதாம்பரி எதிலும் தேய்க்காதீர்கள். என் தாத்தாவின் 1944 ஓட்டைக் காலணாவை நானே புளி போட்டுப் பளபளப்பாக்கினேன். பல வருடம் படிந்த பழுப்பு நிறம் ஐந்து நிமிடத்தில் போனது, இன்றும் மனசு ஆறவில்லை. சேகரிப்பவர்கள் தேடுவதே அந்தப் படிவைத்தான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பிளாஸ்டிக் கவரை விடக் காகித உறை நல்லது.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கண்ணுக்குப் பழகாத காசு என்றால், ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயத் தொகுப்பு இருக்கிறது.