ஊரில் வாடகை வீடு, வேலை அமெரிக்காவில்: தேய்மானக் கணக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பலருக்கும் ஊரில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஓசூரில், சிப்காட் வேலைக்காரர்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷன். வரிச் சட்டப்படி நீங்கள் இங்கே குடியிருப்பாளர் ஆனதும், அந்த வாடகையையும் இங்கே காட்டியாக வேண்டும்.

தேய்மானம் என்பது கட்டடத்தின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து, வருடாவருடம் வாடகை வருமானத்திலிருந்து கழிப்பது. ஊர் ஆடிட்டர் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார். அவர்மேல் தப்பில்லை. இந்தியாவில் வீட்டு வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30% கழித்துவிடுவார்கள், தேய்மானம் தனியாகக் கிடையாது. இங்கே அந்த 30% இல்லை. ரிப்பேர் செலவை ரசீதோடு காட்டி, கட்டடத்துக்கு வருடாவருடம் தேய்மானம் கழிக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் வாடகை வீட்டுக்கு அதை 27.5 ஆண்டுக்குப் பிரிப்பார்கள். பழக்கதோஷத்தில் நம் வீட்டுக்கும் அதையே போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் குடியிருப்புக்கு 30 ஆண்டு. 2018-க்கு முன்பே வாடகைக்கு விட்டிருந்தால் 40.

உண்மையான தலைவலி நிலத்தைப் பிரிப்பதில்தான். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. நம் பத்திரத்திலோ பெரும்பாலும் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. 1,200 சதுர அடி மனையோடு வீட்டை 60 லட்சத்துக்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் காலி மனை அன்று சதுர அடி 3,000 ரூபாய்க்குப் போயிருந்தால், நிலம் 36 லட்சம், கட்டடம் 24 லட்சம். 30-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 80,000. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம், ஆனால் அது பல இடங்களில் சந்தை விலைக்குக் கீழே இருக்கும். அதை மட்டும் நம்பினால் நிலம் மலிந்து கட்டடம் ஊதிப்போகும். நான் ஊரில் இருக்கும் மாமாவிடம் சொல்லி, உள்ளூர் மதிப்பீட்டாளரிடம் இரண்டையும் பிரித்து எழுதி வாங்கினேன். அந்த ஒரு தாள் போதும். வீட்டை வாங்கிய நாளின் டாலர் மதிப்பில் ரூபாயை மாற்றுங்கள், இன்றைய மதிப்பில் அல்ல.

கடைசியில் வீடு என்ன விலைக்குத் தேறும் என்ற எஞ்சிய மதிப்பு? வரிக் கணக்கில் அது பூஜ்யம், யோசிக்கவே வேண்டாம். உங்கள் சொந்த முதலீட்டுக் கணக்குக்கு வேண்டுமானால் போடுங்கள். எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது தேக்கு நிலைக்கதவும் ஜன்னல் கம்பியும் இடிப்புக் கூலிக்குச் சரியாகப் போனது, கையில் எதுவும் நிற்கவில்லை. நம் பக்கம் மதிப்பு நிற்பது மண்ணில்தான். போர் தண்ணீரில் உப்புப் படிந்து பத்து வருடத்தில் குழாய் மாற்ற வேண்டிய வீடுகளும் உண்டு, அதற்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

‘எதற்கு இந்த வம்பு, தேய்மானமே கழிக்காமல் விட்டால்?’ என்று கேட்பீர்கள். விற்கும்போது, கழித்திருக்க வேண்டிய தொகையைக் கழித்ததாகவே எடுத்துக்கொண்டு லாபம் கணக்கிடுவார்கள். மேலே சொன்ன வீட்டில் பத்து வருடத்துக்கு 8 லட்சம். லாபத்தில் அந்தப் பங்குக்கு 25% வரை வரி. அனுபவிக்காத சலுகைக்கு வரி கட்டுவது என்பது இதுதான்.

அப்புறம், அப்பா செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த வீடு என்றால் அவர் வாங்கிய விலையிலிருந்துதான் கணக்கு தொடங்கும். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசாக வந்தது என்றால், அன்றைய சந்தை விலை. பழைய கிரயப் பத்திரத்தை இப்போதே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.