மலேசிய வன்மரம் இலங்கைக்கு வரும் போக்கைச் சுங்கக் கணக்கிலிருந்து கண்டறிவது எப்படி

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பகுதி மரக்காலைகளில் உள்ளூர் முதிரைக்கும் தேக்குக்கும் பக்கத்திலேயே மலேசியாவிலிருந்து வரும் கெம்பஸும் மெராந்தியும் அடுக்கப்படுகின்றன. அவற்றின் விலை ஏறும்போது "கொழும்பில் ஏறிவிட்டது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. ஏற்றம் காட்டிலிருந்து வந்ததா, கப்பற் கூலியிலிருந்து வந்ததா, ரூபாயின் வீழ்ச்சியிலிருந்து வந்ததா என்பதை, இணைய வசதியுள்ள எவரும் இரு நாட்டுச் சுங்கக் கணக்குகளை ஒப்பிட்டு ஓரளவு தெளிவாகவே கண்டுகொள்ளலாம். ஆறு மாதம் கழித்து நிலையும் கதவும் பொருத்தித் தருவதாக இன்றைய விலையில் ஒப்புக்கொள்ளும் ஓடாவிக்கு இந்த அறிவு மிகவும் அவசியமானது.

தேடலை மரத்தின் பெயரில் தொடங்காமல், ஒவ்வொரு பொருள் வகைக்கும் சுங்கப் பட்டியல் தரும் குறியீட்டு எண்ணில் தொடங்க வேண்டும். அந்த எண்ணின் முதல் 6 இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை. மரமும் மரப்பொருட்களும் அப்பட்டியலின் 44ஆம் அத்தியாயத்தில் அடங்குகின்றன; அதில் 4403 மரக்குற்றிகளையும், 4407 என்பது 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள அரிந்த மரத்தையும் குறிக்கும். 4407இன் மொத்தத் தொகையை அப்படியே எடுத்துவிடக் கூடாது. பைன் போன்ற மென்மரங்களும் அதற்குள் சேர்ந்திருக்கின்றன. சிவப்பு மெராந்தி வகைகளுக்கு 440725ஐயும், வெள்ளை, மஞ்சள் மெராந்திகளுக்கு 440726ஐயும் பார்க்க வேண்டும். கெம்பஸுக்குத் தனி எண் கிடையாது. அது 440729 என்ற "ஏனைய வெப்பமண்டல மரங்கள்" பிரிவில் பிற மரங்களோடு கலந்தே பதிவாகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தேக்குக்கு 440723 என்ற தனி எண் ஒதுக்கப்பட்டதால், அந்த ஆண்டையொட்டி 440729இல் தெரியும் சரிவு முழுவதையும் வர்த்தகச் சரிவாகக் கொள்வது தவறு. ஒவ்வொரு நாடும் இத்திருத்தத்தை ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவருவதுமில்லை. ஆகவே பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது இரண்டு எண்களையும் கூட்டியே பார்க்க வேண்டும்.

எண் கைக்கு வந்தபின், நாடுகளின் வர்த்தகக் கணக்குகளைத் திரட்டித் தரும் ஐக்கிய நாடுகளின் கொம்ட்ரேட் தரவுத்தளத்தில் மலேசியா இலங்கைக்கு ஏற்றுமதி செய்ததாகப் பதிந்த கணக்கையும், இலங்கை மலேசியாவிலிருந்து இறக்குமதி செய்ததாகப் பதிந்த கணக்கையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் அரிதாகவே ஒத்துப்போகும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஏற்றுமதிப் பெறுமதி சரக்கு கப்பலில் ஏறும் வரையிலான விலையையே காட்டும். இறக்குமதிப் பெறுமதியில் கப்பற் கூலியும் காப்புறுதியும் சேர்ந்திருக்கும். டிசம்பர் கடைசியில் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஏறிய மரம் ஜனவரியில் கொழும்பில் இறங்கினால், ஒரே சரக்கு இரு நாட்டுக் கணக்கிலும் வெவ்வேறு ஆண்டுகளில் விழும். சிங்கப்பூர் வழியாக வரும் சரக்கை ஏற்றுமதியாளர் ஒரு நாட்டுக்கும் இறக்குமதியாளர் வேறொரு நாட்டுக்கும் எழுதியிருக்கவும் கூடும். ஒரு பக்கக் கணக்கை மட்டும் வைத்துப் போக்கைச் சொல்பவரை நான் நம்புவதில்லை. இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால்தான் அது போக்கு.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அளவையும் பெறுமதியையும் பிரித்துப் பார்ப்பது. ஒரு கன மீற்றர் என்பது 35.3 கன அடி. உதாரணமாக, ஒரு கன மீற்றர் மரம் 400 டொலர் என்று வைத்துக்கொண்டால், கன அடிக்கு ஏறக்குறைய 11.33 டொலர் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தபோது அந்தக் கன அடி சுமார் 2,265 ரூபாய்; மே மாதத்தில் டொலர் 360ஐ எட்டியபோது அதே மரம் சுமார் 4,080 ரூபாய். மலேசியக் காட்டிலும் ஆலையிலும் எதுவுமே மாறாத நிலையிலும், ரூபாய்க் கணக்கு மட்டும் இறக்குமதி பெருகியதுபோலத் தோற்றம் தரும். எனவே வரும் அளவைக் கன மீற்றரிலும், டொலர்ப் பெறுமதியை அந்த அளவால் வகுத்துக் கிடைக்கும் விலையை டொலரிலும், உள்ளூர் விலையை ரூபாயிலும் மூன்று தனி நிரல்களில் எழுதுங்கள். அளவு கிலோகிராமில் மட்டும் தரப்பட்டிருந்தால், மரத்தின் அடர்த்தியால் வகுத்துக் கன மீற்றராக்கலாம்.

மாதக் கணக்கைப் பார்ப்பவர்கள் சென்ற மாதத்தோடு அல்லாமல் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை கிழக்கிலங்கையில் வீட்டு வேலையை மந்தமாக்கும் அதே மாதங்களில் மலேசிய மாநிலமான சரவாக்கில் மரம் வெட்டி இறக்குவதையும் தாமதமாக்குகிறது. கேள்வியும் வரத்தும் ஒருங்கே குறையும் அந்தக் காலத்து இறக்கத்தை நிலையான போக்கு என்று எழுதிவிடலாகாது.

அடுத்து, விற்கும் நாட்டின் சட்டத்தைப் படியுங்கள். தீபகற்ப மலேசியா 1985இல் மரக்குற்றி ஏற்றுமதியைத் தடை செய்தது. மலேசியாவின் சபா மாநிலம் 2018இல் தடுத்தது. மியன்மார் 2014 ஏப்ரல் 1இல் நிறுத்தியது. இத்தகைய தடைக்குப்பின் 4403 விழுந்து 4407 எழுவது இயல்பு. குற்றியை அரியும்போது ஏறத்தாழப் பாதியே பலகையாகத் தேறும் என்பதால், இரண்டு எண்களையும் கன மீற்றரில் நேராகக் கூட்டாமல், அரிந்த மரத்தை இரட்டிப்பாக்கிய பிறகு கூட்ட வேண்டும்.

யோக்கொஹாமாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு மாதம் இருமுறை வெளியிடும் சந்தை அறிக்கையில், இத்தகைய தடைகளும் விலைகளும் நாடுவாரியாகக் கிடைக்கின்றன.

4407 குறைந்தும் ஊரில் கட்டட வேலை குறையாதிருந்தால், 4418 என்ற கதவு, யன்னல் முதலிய தச்சு வேலைப் பொருட்களின் எண்ணையும், தளபாடங்களுக்கான 9403ஐயும் பாருங்கள். அங்கே உயர்வு தெரிந்தால், மரமாக வந்தது செய்து முடித்த பொருளாக வரத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் பட்டறையில் குறையப்போவது மரம் மட்டுமன்று, வேலையும்தான். ஆகையால் இவ்விரு எண்களுக்கும் அதே ஏட்டில் ஒரு நிரலை ஒதுக்கி வைப்பது நல்லது.