பக்கத்து வீட்டில் பெரிய நோயா? நிதி திரட்ட இப்படித் தொடங்குங்கள்

முதலில் அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள். பெயர், படம், நோய் விவரம், எதை வெளியே சொல்லலாம் என்பது அவர்கள் முடிவு. அப்புறம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். தகுதியிருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும், ஆனால் வாரக்கணக்கில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் ஆட்டோ செலவு, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, வேலைக்குப் போகமுடியாமல் நின்றுபோன சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் அப்படியே நிற்கும், நம் பணம் அங்கேதான் தேவை.

நிதி திரட்டும் நிகழ்ச்சி எளிமையாக இருந்தால் போதும். ஞாயிறு மாலை குடியிருப்பு வளாகத்தில் வீட்டுக்கொரு பண்டம், சுண்டல், பஜ்ஜி, பணியாரம் என்று செய்து விற்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி வேண்டாம், மழை கெடுத்துவிடும். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குள் நிறுத்திவிடுங்கள்.

பண விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். க்யூஆர் கோடு அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ரொக்கம் வந்தால் மொய் நோட்டு மாதிரி எழுதி, இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு அன்றிரவே ஒப்படைத்துவிடுங்கள். தனி நபருக்குக் கொடுப்பதற்கு, 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது, கேட்பவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.